வீட்டுக்குப் போன் செய்யும் முன் அவளைக் கேளுங்கள்

கல்லூரி மனநல ஆலோசனை மையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பெண் உங்கள் அறையில் தன் வீட்டில் பட்டதைச் சொன்னாள்; அவளைக் கேட்காமலே நீங்கள் அவள் வீட்டுக்குப் போன் செய்தீர்கள். நடந்தது உங்களுக்கே தெரியும் என்பதால் அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணுடன் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவள் நான். எழுதலாம் என்று அவள் சம்மதித்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். உங்களிடம் வருபவள் 18 வயது முடிந்த பெண் என்றால், அவளைக் கேட்காமல் அவள் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள்.

யாராவது கதவை அறைந்து சாத்தினால் அவள் எழுந்து நின்றுவிடுவாள். தூக்கத்தில்கூட. நின்றபடியே "ஸாரி" என்பாள். யாரிடம், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. எல்லோருடைய வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாள், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள், மார்க்கும் நிறைய வாங்குவாள். அது அவள் குணம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அடி விழாமலிருக்க ஒரு குழந்தை கண்டுபிடித்த வழி அது என்று பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு அது அவளைக் காப்பாற்றியது. இன்றைக்கு, கோபத்தை விழுங்கி, தப்பெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டு, நடந்ததையே இரவெல்லாம் மனதில் ஓட்டி ஓட்டி அவள் உருக்குலைகிறாள்.

நீங்கள் கொடுத்த தாளில் 9 கேள்விகள் இருந்தன. எல்லாம் கடந்த 2 வாரங்களைப் பற்றியவை: தூக்கம், பசி, சோர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம். தாளைக் குறை சொல்லவில்லை. மனச்சோர்வு எவ்வளவு என்று அது அளக்கும், எங்கிருந்து வந்தது என்று கேட்காது. அதை மனிதர்தான் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டீர்கள், அதற்கு நன்றி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வாய் திறந்து சொன்னாள்.

அன்று சாயங்காலமே அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, திரையில் 'அப்பா' என்ற பெயர் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 17 தடவை. நான் எண்ணினேன். அடுத்த தடவை எழுந்து நின்று எடுத்தாள். "ஸாரி" என்றாள்.

பெற்றோருக்குத் தெரியாமல் எப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். அவள் யாரைப் பற்றிச் சொல்லி அழுதாளோ, அவரிடமே கொண்டுபோய்ச் சொன்னால் அவள் அடுத்து யாரிடம் சொல்வாள்?

அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோரின் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. சிறுவயதில் அடி, அவமதிப்பு, பாலியல் வன்முறை, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்றவற்றில் 4 வகைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு மதுப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகம் என்றது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உடம்பில் தழும்பு இருந்தால்தான் கொடுமை என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. தினமும் "நீ எதற்குப் பிறந்தாய்" என்று கேட்டு வளர்ந்தவளிடம் காட்டுவதற்குத் தழும்பு எங்கே இருக்கும்? அவள் பேசினால் வீட்டு மானம் போய்விட்டது என்கிறார்கள். பேசாமல் படுத்துக் கிடந்தால் சோம்பேறி என்கிறார்கள். பெற்றவர்கள் கண்டிக்கத்தானே செய்வார்கள் என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அது எனக்கும் புரிகிறது. அப்போதும் "யாரிடம் சொல்லட்டும்?" என்று முதலில் அவளைக் கேளுங்கள். அக்காவோ சித்தியோ தோழியோ, அவள் நம்பும் ஒருவர் இருக்கலாம். முதல் நாள் நிரப்பும் படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம், யாரை அழைக்கவே கூடாது என்று 2 வரிகள் சேர்த்துவிடுங்கள். அவளைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். தயவுசெய்து.

இனி அங்கே வரமாட்டேன் என்கிறாள். படிவத்தை மாற்றியதும் எனக்குத் தெரிவியுங்கள். அவளிடம் காட்டி, வருகிறாயா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அறைத்தோழி