சுவரும் ஷீட்டும் சேருகிற இடம்

வள்ளியூர்,
ஐப்பசி 20

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். மூன்று ஞாயிறாகப் போன் இல்லை, திடீரென்று ஈரச் சுவரின் படம் மட்டும் வந்தால் அம்மா என்ன நினைப்பாள்? "ஷீட் ஒழுகுதாம், வேறொன்றுமில்லை" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய வீட்டுச் சுவரில், அதை ஒட்டிக் கட்டிய புது அறையின் கூரை ஷீட்டுக்கு நாலு விரல் கீழே, 18 அடிக்கும் கோடு போட்டதுபோல் ஈரம் ஓடுகிறது. ஸ்க்ரூ ஓட்டை என்றால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இது ஷீட் சுவரைத் தொடுகிற இடத்துக் கோளாறு. அந்தச் சுவரோரம் ஒரு பாயும் ஒரு தலையணையும் கிடக்கின்றன. பாயை நாலடி தள்ளிப் போடு. சுவிட்ச் போர்டும் அதே சுவரில்தான் இருக்கிறது. மெயின் பெட்டியில் அந்த அறைக்கான எம்சிபி சுவிட்சை அணைத்துவிடு, சுவர் காயும்வரை போடாதே.

இப்போது எதையும் பூசவோ அடைக்கவோ வேண்டாம். ஈரச் சுவரில் சந்தை அடைக்கிற சீலண்ட் பசை சரியாகப் பிடிக்காது, பிடித்ததுபோல் இருந்து தை மாதம் தோலாக உரிந்து வரும். 20க்கு 10 அடி தார்ப்பாய் ஒன்று வாங்கு. மொட்டை மாடியில் நின்றபடியே, கைப்பிடிச் சுவருக்கு மேலாக வெளியே தொங்கவிடு. மாடிப் பக்கம் இருக்கிற ஓரத்தின்மேல் செங்கல் அடுக்கு. கீழ் ஓரம் ஷீட்டின்மேல் மூன்றடியாவது படிய வேண்டும். அந்த ஓரத்தில் ஒரு பிவிசி பைப்பைச் சுற்றிக் கட்டினால் காற்று தூக்காது. ஷீட்டின்மேல் கால் வைக்காதே. நனைந்த ஷீட் வழுக்கும், குறுக்குப் பைப் ஓடாத இடத்தில் மிதித்தால் நெளியும்.

ஏன் ஒழுகுகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், நாளைக்கு யாராவது வந்து "சிமெண்ட் அடைத்தால் போதும்" என்பார்கள். அங்கே இப்போது இருப்பதும் அதுதான்: எல் வடிவத்தில் மடக்கிய ஒரு தகட்டைப் பூச்சின்மேல் ஆணியடித்து, மேலே சிமெண்டை இழுத்துவிட்டிருக்கிறார்கள். 12 அடி ஷீட் விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 40 டிகிரி மாறினால் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சுவர் அப்படி அசையாது. புது அறையின் கடைக்காலும் முதல் ஒன்றிரண்டு வருடம் கொஞ்சம் இறங்கும், பழைய வீடு எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே சிமெண்ட் என்ன செய்யும்? ஒரே கோடையில் மயிரிழையாகப் பிளக்கும். சுவரில் வழிகிற தண்ணீர் அந்த இழையில் புகுந்து, தகட்டுக்குப் பின்னால் இறங்கி உள்ளே வந்துவிடும். போதாததற்கு ஈரச் சிமெண்டின் காரம் ஷீட்டின் துத்தநாக அலுமினியப் பூச்சைத் தின்னும்.

தைக்கும் பங்குனிக்கும் நடுவில் வேலையை முடிக்க வேண்டும். நாகர்கோவிலில் ஆனிச் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும், அதற்கு முன்னால் காய்ந்திருக்க வேண்டும்.

முதலில் சோதனை. ஹோஸ் பைப்பால் ஷீட்டில் மட்டும் 15 நிமிடம் அடி. பிறகு சேருமிடத்தில். கடைசியாக மேல் சுவரில். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எது ஒழுகியது என்றே தெரியாது. மேல் சுவரில் அடிக்கும்போதுதான் ஈரம் வருகிறது என்றால், குற்றம் அங்கே பூச்சு வெடிப்பிலோ கைப்பிடிச் சுவரின் தலையிலோ இருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் குடித்த தண்ணீர் செங்கலுக்குள்ளேயே இறங்கும், நீ எவ்வளவு நல்ல தகடு வைத்தாலும்.

பிறகு தகடு. ஒன்று அல்ல, இரண்டு. கீழ்த்தகடு ஷீட்டோடு போகும்: ஷீட்டின்மேல் 8 அங்குலம், சுவரோரமாக 5 அங்குலம் எழும்பி நிற்கும், சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. மேல்தகடு சுவரோடு போகும்: ஷீட்டுக்கு 6 அங்குலம் மேலே சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம் எடுத்து, ஒரு அங்குலம் உள்ளே செருகி, 4 அங்குலம் கீழே தொங்கும். 3 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று மூடும், ஆனால் இரண்டையும் சேர்த்து ஸ்க்ரூ அடிக்கவே கூடாது. அவரவர் போக்கில் அசையட்டும்.

காடி பூச்சோடு நிற்கக் கூடாது. பூச்சைத் தாண்டி செங்கலில் ஒரு அங்குலம் போக வேண்டும், அகலம் 10 மில்லிமீட்டர். செங்கல் வரிசையின் சாந்துச் சந்தில் எடுத்தால் நல்லது. தூசியைப் பிரஷால் எடுத்து, தகட்டைச் செருகி, ஒன்றரை அடிக்கு ஒரு ஆப்பு. அதன்மேல் ஃபோம் கயிறு, அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட். 10க்கு 10 மில்லிமீட்டர் என்றால் 600 மில்லி பாக்கெட் 6 மீட்டர் வரும், 18 அடிக்கு ஒன்று போதும். தகட்டுச் சேர்ப்புகளுக்கு இன்னொன்று. வினிகர் வாடை அடிக்கிற சிலிகானை வாங்காதே, சிமெண்டில் நிற்காது, தகட்டையும் அரிக்கும்.

10 அடித் தகடு ஒவ்வொரு வகையிலும் இரண்டு. சேர்ப்பு 6 அங்குலம் ஏறட்டும், அதன் வாய் மேற்கே பார்க்கக் கூடாது. கீழ்த்தகட்டைப் பொருத்துமுன் ஷீட்டின் மேல்முனைக் குழிகளை இடுக்கியால் மேல்நோக்கி மடக்கச் சொல். இதை யாரும் செய்வதில்லை, காற்று தள்ளுகிற தண்ணீரை நிறுத்துவது அந்த மடிப்புதான். மேடுகளுக்கு இடையே ஃபோம் அடைப்பு. ஷீட்டையும் தகட்டையும் கட்டிங் மிஷினால் வெட்டவிடாதே, பொறி விழுந்த இடமெல்லாம் துரு ஏறும். கத்தரியால் வெட்ட வேண்டும்.

எட்டு வயதிலேயே எனக்கு நூல் பிடித்துக் கொடுத்தவள் நீ. அளவு பிசகினால் முதலில் சொல்வதும் நீதான். இதைப் பக்கத்தில் நின்று வாங்க உன்னால் முடியும். ஆனால் ஒழுகுவதை இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தாய்? ஒரே மழையில் வந்த கறை இல்லை அது, ஓரத்தில் உப்பு பூத்திருக்கிறது.

மக்களே, பால் காய்ச்சிய அன்றே அந்த இடத்தை நான் பார்த்தேன். பூச்சின்மேல் தகடு, மேலே சிமெண்ட். ஒரு வருடம் தாங்காது என்று அப்போதே தெரியும். சம்பந்தி பக்கத்தில் நின்றார், மாப்பிள்ளை கொண்டுவந்த ஆள் செய்த வேலை, நான் குறை சொன்னால் உனக்குச் சங்கடம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு உன் முகமும் சரியில்லை. அதையும் பார்த்தேன், அதையும் கேட்கவில்லை. உனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

அம்மா நலம். லட்சுமி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பெரியத்தை கேட்டதாகச் சொன்னாள்.

தை வரை நான் காத்திருக்கப் போவதில்லை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தார்ப்பாய் கட்ட ஒரு ஆள் வேண்டும், அதுதான் காரணம் என்று கேட்பவர்களிடம் சொல். மாப்பிள்ளை வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, நீ எனக்காக ஒன்றும் ஒதுக்க வேண்டாம். அந்த அறையிலேயே படுத்துக்கொள்கிறேன், ராத்திரி மழை பெய்தால் எங்கே இறங்குகிறது என்று பார்க்கலாம். நீ உள்ளே போய்ப் படு.

பாயை இன்றைக்கே நகர்த்து.

அப்பா