பதினோராம் வகுப்புச் சேர்க்கை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மேலப்பாளையம்

அன்புள்ள வாப்பாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. தேறிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். பையன்களில் பெரும்பாலோர் பதினோராம் வகுப்பு விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள். நல்ல மார்க் எடுத்த பெண் பிள்ளைகள் சிலர் மட்டும் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டை நினைத்துத்தான் எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கட்டும் என்று எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

போன வாரம் ஓர் உம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். எந்தப் பள்ளிக்கு என்று கேட்டேன். "எங்கயும் சேர்க்கல சார். ஓதி முடிச்சிட்டா, பத்தும் படிச்சிட்டா, போதும்லா" என்றார். பக்கத்தில் நின்ற மகளின் விரல் நுனிகளில் பீடித் தூள் கறை ஏறியிருந்தது. அந்தக் கையோடுதான் இரவில் கணக்குப் போட்டு வகுப்பில் முதலாவதாக வந்தாள். உம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அது போன்ற ஒரு பயத்துக்கு முன்பே வழி கண்ட ஒருவரைச் சொல்கிறேன்.

இலங்கையில் கண்டியில் 1838-ல் பிறந்தவர் சித்தி லெப்பை. நம் பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்பில் வியாபாரம் பார்த்த காலத்தவர். தமிழில் எழுதியவர், 1885-லேயே நாவல் எழுதியவர். முஸ்லிம்களுக்குப் புதிய கல்வி கொடுக்கப் பாடுபட்ட சர் சையத் அகமது கானையும், அவர் அலிகரில் தொடங்கிய கல்லூரியையும் நம் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் தெரியும். நம் மொழியிலேயே அந்த வேலையைச் செய்தவரைத் தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் வழக்கறிஞர். வெள்ளைக்காரர் ஆட்சியில் கோர்ட்டும் அரசு அலுவலகங்களும் இங்கிலீஷில் நடந்தன. இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் பெரும்பாலும் மிஷன் பள்ளிகள். அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடும் என்று முஸ்லிம் வீடுகளில் பயந்தார்கள். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது; அந்தப் பள்ளிகளில் பைபிள் பாடம் நடக்கத்தான் செய்தது. ஆனால் வியாபாரத்தில் கெட்டிக்கார சமுதாயம், ஒரு நோட்டீஸ் வந்தால் அதை வாசித்துச் சொல்ல வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது.

சித்தி லெப்பை 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிப் படிப்பைப் பற்றி விடாமல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. மார்க்கம் போய்விடும் என்பதுதானே பயம்? சரி, ஓதுவதும் இங்கிலீஷும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கான பாடப் புத்தகங்களையும் எழுதினார். கொழும்பு மருதானையில் வாப்பிச்சி மரைக்காருடன் சேர்ந்து 1892-ல் உருவாக்கிய பள்ளிதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. எகிப்திலிருந்து ஆங்கிலேயர் இலங்கைக்கு நாடுகடத்திய ராணுவத் தலைவர் ஒராபி பாஷாவும் அதற்குத் துணை நின்றார். இதையெல்லாம்விட, கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி தொடங்கியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முஸ்லிம் வீடுகளில் ஆண் பிள்ளைகளே அதிகம் பள்ளிக்கூடம் போகாதிருந்த காலம் அது. 1898-ல் அவர் காலமானார். ஸாஹிரா பெரிதாக வளர்ந்தது அப்புறம்தான், டி.பி. ஜாயா 1921-ல் முதல்வராக வந்த பிறகு.

உங்கள் பயம் எது என்று என்னிடம் சொல்லுங்கள். பஸ் கூட்டமா, பையன்களோடு உட்காருவதா, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்பதா, செலவா? அதற்கு வழி பார்ப்பது எங்கள் வேலை. மதரஸா நேரத்தோடு மோதாமல் சிறப்பு வகுப்பை மாற்றச் சொன்னால் மாற்றுகிறோம். ஓதுவதை விட்டுவிட்டு வா என்று இந்தப் பள்ளியில் யாரும் சொல்ல மாட்டோம்.

செலவு பற்றி ஒன்று. நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. லெப்பை, இராவுத்தர், மரைக்காயர் எல்லோருக்கும் உண்டு. பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட வகுப்பு - முஸ்லிம்) சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. கல்லூரியும் தூரம் இல்லை. காயல்பட்டினத்து ஆலிம் ஒருவர் பெயரில் 1971-ல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது.

விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும், கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நானும் ஆசிரியைகளும் பள்ளியில் இருப்போம். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் உம்மாவோ நன்னாவோ வரலாம். வாப்பாவிடம் போனில் பேச வேண்டுமென்றாலும் பேசுகிறேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கத்தான் வருகிறீர்கள் என்றாலும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவளிடமும் நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்