புதிய கல்வி அலுவலர் குழுவுக்கு: எந்த வேலை யாருடையது என்று முதலில் சொல்லுங்கள்

திருப்பூர் மாவட்டத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், இடைநிலை, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளிகள் ஆகிய பிரிவுகளின் மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும், 13 வட்டாரங்களின் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

புதிய அலுவலர்கள் வந்ததும் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொன்னாடை, பழக்கூடை, ஒரு குழுப்படம். பிறகு மாவட்டத்துத் தலைமை ஆசிரியர்கள் அத்தனை பேரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து ஆய்வுக்கூட்டம். யார் பெயர் என்ன, யார் எந்த மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தார் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் சிக்கிக்கொண்டால் எந்த மேசைக்குப் போவது என்பது ஆறு மாதம் கழித்தும் பெற்றோருக்குத் தெரியாது. பல தலைமை ஆசிரியர்களுக்கே தெரியாது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. 2018-இல் அரசாணை 101 வந்தபோது அதிகாரம் முழுவதும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் குவிந்தது. 2022-இல் அரசாணை 151 வந்து தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக்குத் தனி, தனியார் பள்ளிகளுக்குத் தனி என்று மறுபடி பிரித்தது. பலகை மாறிய வேகத்துக்கு மனிதர்களின் பழக்கம் மாறவில்லை. இன்றும் நர்சரி பள்ளி மீதான புகாரை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், மெட்ரிக் பள்ளி மீதான புகாரை 'ஐ.எம்.எஸ். ஆபீஸ்' (மெட்ரிக் பள்ளி ஆய்வாளர் அலுவலகம்) எங்கே என்று விசாரித்தும் கொண்டு போகிறார்கள். அப்படி ஓர் அலுவலகமே இப்போது இல்லை.

அதனால் நாங்கள் கேட்பது ஒன்றுதான். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பெயரையும் பதவியையும் சொல்வதோடு, எந்தச் சிக்கல் யாருடைய பொறுப்பு, எத்தனை நாளில் தீரும், தீராவிட்டால் அடுத்து யார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்பதற்குக் காமன் பூலைப் பார்த்தாலே போதும்.

பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடான எமிஸில், ஒரு பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் அந்த மாணவர் பெயர் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் அந்தப் பட்டியல் நீளமாக இருப்பது இயல்பு. ஐந்து, எட்டு, பத்து முடித்தவர்கள் பள்ளி மாறும் நேரம் அது. ஜூலை நடுவிலும் யார் பெயர் மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதையும் மொத்த எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, வகுப்புவாரியாகப் பிரிக்க வேண்டும். பத்து முடித்துவிட்டு மிச்சமிருப்பவர்களில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனவர்கள் இருப்பார்கள், அவர்கள் இடைநின்றவர்கள் அல்லர். அந்த இரண்டு இடங்களின் சேர்க்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கழித்துவிட்டால், பஞ்சாலை விடுதிக்கும் பனியன் கம்பெனிக்கும் போன பிள்ளைகளின் பெயர்கள் தனியாகத் தெரியும். மூன்றாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்று நடுவகுப்புகளில் மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் வீடு மாறியவர்கள், அல்லது சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள்.

கட்டணப் பாக்கிக்காகத் தனியார் பள்ளியில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகள் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். அந்தப் பள்ளி சான்றிதழைக் கொடுக்காததால் எமிஸில் அவர்கள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது. பிரிவு 14 வயதுச் சான்று இல்லாததற்கும் இதையே சொல்கிறது. ஆகவே தலைமை ஆசிரியர் பிள்ளையை உட்கார வைத்துவிடுவார். உட்கார வைத்த பிறகுதான் தொல்லை. எமிஸில் பெயர் ஏறாத பிள்ளைக்குப் பாடநூலும் சீருடையும் கணக்கில் வராது. இந்த இடத்தில் தொடக்கக் கல்வி அலுவலர் "தனியார் பள்ளியை நான் எப்படிக் கேட்பது" என்பார். தனியார் பள்ளிகள் அலுவலருக்கோ எழுத்தில் புகாரே வந்திருக்காது. இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் உள்ள சந்தில் பிள்ளை நிற்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. சேர்த்த அன்றே தலைமை ஆசிரியர் ஒரே தாளில் பிள்ளையின் எமிஸ் எண், பழைய பள்ளியின் யூடைஸ் எண் (பள்ளிக்கான அடையாள எண்), சேர்ந்த தேதி மூன்றையும் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பட்டும். அங்கிருந்து அது நேராகத் தனியார் பள்ளிகள் அலுவலரின் மேசைக்குப் போகட்டும். ஏழு வேலை நாளில் பெயர் விடுவிக்கப்படாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலரின் பெயரில் குறிப்பாணை போகட்டும். பெற்றோரைப் பழைய பள்ளிக்கு நடக்க விடாதீர்கள். ஒவ்வொரு நடையும் அவர்களுக்கு அரை ஷிப்ட் சம்பளம்.

தலைமை ஆசிரியர்கள் அவசரத்தில் கையாளும் குறுக்குவழி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பள்ளி பெயரை விடாதபோது, அல்லது பிறந்த தேதி பொருந்தாமல் தேடலில் பெயர் கிடைக்காதபோது, புதிய எமிஸ் எண் போட்டுவிடுகிறார்கள். அன்றைய வேலை முடிந்துவிடும். பழைய எண்ணில் அந்தப் பிள்ளை இடைநின்றவர் ஆகிவிடும். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் இல்லாத பிள்ளையைத் தேடிக்கொண்டு காலனி காலனியாக அலைவார். இதைவிடப் பெரிய சேதம் பத்து வருடம் கழித்து வரும். புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களில், உயர்கல்விக்குப் போன பிறகு மாதம் 1,000 ரூபாய் பெற, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பது தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். எண் இரண்டாக உடைந்தால் அந்தத் தொடர்ச்சியும் உடையும். புதிய எண் போடும் முன் வட்டார அளவில் ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு எமிஸ் எண் இருக்காது, நாடு தழுவிய பள்ளித் தரவுத் தளமான யூடைஸ் பிளஸின் நிரந்தரக் கல்வி எண் இருக்கலாம். பெற்றோரிடம் பழைய பள்ளிச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே குடும்பப் பெயர் பின்னால் வரும், இங்கே தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். சேர்க்கையின்போது குடும்பப் பெயரைச் சுருக்கி இனிஷியல் ஆக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பிழை பல ஆண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் போய் அச்சாகி, மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் ஒத்துப்போகாத நிலையில் முடிகிறது. ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதிவது என்று ஒரு வரி சுற்றறிக்கை போதும். இது காசு செலவில்லாத வேலை.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. நிலையான ஊர்களுக்கு அது பொருந்தும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் பள்ளி வருடம் அப்படி ஓடுவதில்லை. தீபாவளிக்கும், வடமாநிலத்தவர் கொண்டாடும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் திரும்பும்போது சொந்தக்காரர் குடும்பத்தையும் கூட்டி வருவதுண்டு. கணக்கு எளிது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. ஆகஸ்டில் 58 பேர் இருந்த தொடக்கப் பள்ளியில் கார்த்திகையில் 70 பேர் உட்கார்ந்திருந்தாலும் அடுத்த ஆகஸ்ட் வரை இரண்டே ஆசிரியர்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்றால் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், அரும்பு என்ற அடிப்படை நிலைக்குத் தனியாக ஒரு வரிசை உட்கார வேண்டும். அதற்கு ஆள் ஏது?

டிசம்பர் 1-ஆம் தேதி இன்னொரு எண்ணிக்கை எடுங்கள். புதிய பணியிடம் உங்கள் கையில் இல்லை, ஓர் ஆசிரியரைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்பும் மாற்றுப்பணி உங்கள் கையில் இருக்கிறது. அதே வட்டாரத்துக்குள், உபரி ஆசிரியர் இருக்கும் பள்ளியிலிருந்து மட்டும் அனுப்புங்கள். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை எடுத்தால் அங்கே ஒருவர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டிவரும், எனவே அதைத் தொடவே வேண்டாம். ஆணையிலேயே முடியும் தேதியைப் போடுங்கள். முடிவுத் தேதி இல்லாத மாற்றுப்பணி சிபாரிசுக்கு இடம் கொடுக்கிறது. இது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தை என்பது கணக்கு. லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பம் வீட்டைக் காலி செய்ய ஓர் இரவு போதும். முப்பத்தோராம் நாள் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கே அவர்கள் போன இடம் தெரியாது. மூன்றாம் நாள் போன், ஏழாம் நாள் நேரில் போவது, அப்போதும் வராவிட்டால் அன்றே வட்டார வள மையத்துக்குத் தகவல் என்று வைத்துக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். சாமளாபுரத்திலிருந்து சோமனூருக்குக் குடிபோனாலே மாவட்டம் மாறிவிடுகிறது, அங்கிருந்து கோவை மாவட்டக் கணக்கு. எல்லை வட்டாரங்களின் அலுவலர்கள் இருவரும் மாதம் ஒருமுறை பட்டியலை மாற்றிக்கொள்ள இரு முதன்மைக் கல்வி அலுவலர்களும் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே இருப்பவர்கள் தாமாகச் செய்ய முடியாத வேலை இது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு என்பது நம்மூருக்குச் சரிப்படாது. சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளிக்கிழமை ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வா என்று செக்கிங், கைமடி வேலைக்குப் போகும் தாயிடம் சொல்வதில் பொருளில்லை. வராதவரின் கையெழுத்தை மறுநாள் வீட்டில் போய் வாங்குவதும், குறைவெண் வரம்பு (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்த எண்ணிக்கை) நிறைந்தது என்று எழுதுவதும் இப்படித்தான் தொடங்குகிறது. பனியன் கம்பெனிப் பகுதிப் பள்ளிகளுக்கு ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்து, வரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். காங்கயம், மூலனூர், குண்டடம் பக்கம் தோட்டங்காட்டு வேலைக்காரர்கள் அதிகம், அங்கே அந்தி நேரம் பொருந்தலாம். நேரத்தை அந்தந்தக் குழுவே முடிவு செய்யட்டும்.

உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக் குடியிருப்புகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை, நீங்கள் என மூன்று துறைக்கும் சொந்தமாக இருப்பதால் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும் ஆபத்து அங்கே அதிகம். ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள்.

வாட்ஸ்ஆப் பற்றி இரண்டு வரி. இரவு பத்து மணிக்குப் படிவம் அனுப்பி, நாளை காலை பதினொன்றுக்குள் வேண்டும் என்றால் வகுப்பில் இருக்க வேண்டிய ஆசிரியர் கணினி முன் இருப்பார். எமிஸில் இருக்கும் எண்ணைப் பள்ளியிடம் மறுபடி கேட்பதில்லை என்று உங்கள் அலுவலகத்துக்குள் ஒரு விதி வைத்தால், ஆறு மாதத்தில் ஆசிரியர்கள் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இனி அந்த அறிமுகத் தாள். ஒரே பக்கம், பெரிய எழுத்து, தமிழோடு இந்தியும் ஒடியாவும் இருக்கட்டும். நான்கு கட்டம்: சிக்கல், அலுவலர் பதவி, எத்தனை நாள், அடுத்து யார். எண் கொடுக்கும்போது அலுவலக எண்ணைக் கொடுங்கள். சொந்தக் கைபேசி எண் உங்கள் மாறுதலோடு போய்விடும். கீழே கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பதவியில் ஆள் மாறினாலும் தாள் மாறத் தேவையில்லாதபடி பெயர்களைத் தனிச் சீட்டில் ஒட்டலாம். அதைத் தலைமை ஆசிரியர் அறைக்குள் ஒட்டினால் பெற்றோர் கண்ணில் படாது. வாசல் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், மழை படாத இடத்தில், லேமினேட் செய்து ஒட்டச் சொல்லுங்கள். காலை எட்டரைக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர் நின்று படிக்கும் இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்
திருப்பூர் மாவட்டம்