முருகேசனுக்கு, ஹேசல் காட்டிலிருந்து

வின்செஸ்டர், இங்கிலாந்து,
பிப்ரவரி 18

அன்புள்ள முருகேசா,

இங்கே நலம். முழங்கால் அறுவை முடிந்து நீ வீட்டுக்கு வந்துவிட்டதாக உன் மகன் போனில் சொன்னான். வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்திவிடாதே. முதல் 2 மாதம்தான் சிரமம், அப்புறம் கால் தானாக வழிக்கு வரும்.

உன் கடிதம் வந்து 3 வாரம் ஆகிறது. கிடையை விற்றுவிட்டதை நீ இரண்டே வரியில் எழுதியிருந்தாய். உங்கள் ஐயா காலத்து ஆடுகள். சின்ன வயதில் அந்தக் கிடையில் கயிற்றுக்கட்டில் போட்டு நாம் படுத்திருந்த ராத்திரிகள் ஞாபகம் வந்து, உடனே பதில் எழுத முடியவில்லை. அதைப் பற்றி எழுதவேண்டும் என்றால் நான் இங்கே பார்க்கிற வேலையைச் சொல்லித்தான் எழுத வரும் போலிருக்கிறது. நீயும் கேட்டிருந்தாய், ரிட்டயர் ஆனபிறகு அந்தக் குளிரில் என்னதான் செய்கிறாய் என்று.

புதன்கிழமைதோறும் காட்டுக்குப் போகிறேன். ஹேசல் வெட்டுகிறேன்.

நீ அந்தக் கொட்டையைத் தின்றிருக்கிறாய். போன தடவை நான் கொண்டுவந்த, தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் உருண்டைக்கு நடுவில் முழுசாக ஒன்று இருந்ததே, அதுதான் ஹேசல்நட். கடைச் சரக்குக்கான கொட்டை பெரும்பாலும் துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. இங்கே காட்டில் இருப்பது அதே இனத்தின் நாட்டு மரம். மரம் என்று சொன்னாலும் ஒற்றை அடிமரம் இருக்காது. மூங்கில் குத்து மாதிரி ஒரே அடியிலிருந்து 10, 15 கொம்புகள் கிளம்பி நிற்கும்.

இன்று காலை அதன் பூவைப் பார்த்தேன், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். இந்த மாதத்தில் காட்டில் ஓர் இலை கிடையாது. ஹேசலில் மட்டும் மஞ்சள் பூச்சரங்கள் விரல் நீளத்துக்குத் தொங்கும். இந்த ஊர்க்காரர்கள் அதை ஆட்டுக்குட்டி வால் என்கிறார்கள். காற்று அடித்தால் அப்படியே ஆடும். ஒன்றைச் சுண்டினால் மகரந்தம் புகையாகப் பறக்கும். அது ஆண் பூ, எல்லோர் கண்ணிலும் படும். பெண் பூவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலைமொட்டு மாதிரியே கொம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், நுனியில் மட்டும் குங்குமப்பூ இழையை வெட்டி வைத்ததுபோல் சிவப்பாக நாலைந்து நூல். மொத்தமே சில மில்லிமீட்டர். 5 ஆண்டு இந்த மரங்களுக்குப் பக்கத்தில் நடந்தும் அதை நான் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிற ஓர் அம்மா கையைப் பிடித்து நிறுத்திக் காட்டிய பிறகு இப்போது எங்கு பார்த்தாலும் அந்தச் சிவப்புதான் தெரிகிறது.

தன் மகரந்தத்தால் தானே காய்க்காது இந்த மரம். காற்று வேறொரு மரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து ஒட்டினாலும் கரு உண்டாவது கோடைத் தொடக்கத்தில்தான். பூவுக்குள் சூலே அதுவரை உருவாகியிருக்காது. மகரந்தம் உள்ளே வந்து மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். பனிக்காலத்து நடுவில் பூத்துவிட்டு, வெயில் வரும்வரை பொறுத்திருக்கிற பூவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, வெட்டுகிற கதைக்கு வருகிறேன். கரும்பு வெட்டிய கட்டையை மறுதாம்பு விடுவாய் அல்லவா, அதே முறைதான். 7 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை, இலை உதிர்ந்தபிறகு கொம்புகளை எல்லாம் தரையை ஒட்டி வெட்டிவிடுவோம். அடிக்கட்டை அப்படியே இருக்கும். வசந்தத்தில் அதிலிருந்து புது விளார் கிளம்பி, முதல் வருடமே கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு நேராக எழும். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் கட்டையில் தேங்கக் கூடாது. முதல் குளிர்காலத்தில் நான் வெட்டியவற்றில் சில பிளந்து கிழிந்துவிட்டன. அந்தக் கட்டைகள் இன்னும் மெலிந்த விளார்தான் விடுகின்றன, பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. வெட்டி முடித்ததும் கழித்த மிலாறுகளைக் கட்டையின் மேல் முள்வேலி மாதிரி குவித்து மூடுவோம். மூடாவிட்டால் இளந்தளிரை மான் தின்றுவிடும்.

நீ நம்பமாட்டாய், வெட்டாமல் விட்ட ஹேசல் 70, 80 ஆண்டில் பட்டுப்போகிறது. முறை வைத்து வெட்டுகிற அடிக்கட்டை பல நூறு ஆண்டு இருக்கும். சஃபோக் பகுதியில் பிராட்ஃபீல்டு காடு என்று ஒன்று இருக்கிறது. 1252-ஆம் ஆண்டிலிருந்து இப்படி முறை வைத்து வெட்டி வருகிறார்கள், இன்னும் நடக்கிறது. போன ஆண்டு அங்கே போய்வந்தேன். 1252 என்றால் நம் பக்கம் ஜடாவர்மன் சுந்தர பாண்டியன் காலம். அன்று ஒருவன் வெட்டிய காட்டை இன்றைக்கும் ஒருவன் வெட்டுகிறான்.

வெட்டிய கொம்பு எதற்கு என்று கேட்பாய். இங்கேதான் உங்கள் ஐயா ஞாபகம் வருகிறது. எங்கள் ஹாம்ப்ஷயர் மாவட்டம் சுண்ணாம்பு மேடு, மண் கனமில்லாதது, எரு போட்டால்தான் விளையும். பகலில் ஆட்டை மேட்டில் மேய்த்து, ராத்திரி உழவு நிலத்தில் அடைப்பார்கள். மறுநாள் அடைப்பைப் பக்கத்துத் துண்டுக்கு நகர்த்துவார்கள். கிடை போடுவதுதான் முருகேசா, வேறொன்றும் இல்லை! அந்த அடைப்புக்கு ஹேசல் படல். சுமார் 6 அடி நீளம், ஒருவன் தூக்குகிற பாரம். படலின் நடுவில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டுப் பின்னியிருப்பார்கள். நாலைந்து படலை அடுக்கி, அந்த ஓட்டைக்குள் ஒரு கழியை நுழைத்து இடையன் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். முதன்முதலில் அந்த ஓட்டை எதற்கு என்று யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. உங்கள் ஐயா தோளில் படல் போகும் அழகைப் பார்த்தவன் அல்லவா.

படல் பின்னுகிற ஒருவரிடம் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தேன். லேசாக வளைந்த ஒரு கட்டையில் 10 துளை; அதில் நட்டுக்குத்தாக 10 குச்சி நிறுத்தி, விளாரை முன்னும் பின்னுமாக விட்டுப் பின்ன வேண்டும். விளாரை இரண்டாகப் பிளப்பதற்கு அவர் வைத்திருப்பது நம் கொடுவாள் போன்ற கொக்கி அரிவாள். நுனியில் ஒரு கீறல் போட்டு, பிளவு ஒரு பக்கமாக ஓடினால் கனமான பக்கத்தை வளைத்து நடுவுக்குக் கொண்டுவருகிறார். 8 அடி விளாரும் வகிடு எடுத்த மாதிரி பிரிகிறது. ஓரத்துக் குச்சிக்கு வரும்போதுதான் வித்தை. பச்சை விளாரை அப்படியே மடக்கினால் ஒடியும். அவர் ஒடிப்பதில்லை, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குகிறார். உள்ளே நார் நாராகப் பிரிந்து கயிறாகிவிடுகிறது, குச்சியைச் சுற்றித் திரும்பி வருகிறது. அப்போது ‘நறநற’ என்று மெல்லிய சத்தமும், வெள்ளரிக்காய் நறுக்கினதுபோல் ஒரு வாசனையும் வரும். எனக்கு அந்த முறுக்கு கைவர ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. கட்டை விரலும் மணிக்கட்டும் வீங்கிப்போயின. வந்துவிட்ட நாளில் வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் ஒரு விளாரை முறுக்கிக் காட்டினேன்.

வைக்கோல் கூரை வேய்கிறவர்களுக்கும் இந்த முறுக்குத்தான் உயிர். பிளந்த குச்சியை இரு முனையும் சீவி, நடுவில் முறுக்கிக் கொண்டை ஊசி மாதிரி மடக்கிக் கூரையில் அடிப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அதற்காகவே எங்கள் காட்டுக்கு இன்றும் வேய்கிறவர் ஒருவர் வந்து கட்டுக்கட்டாக வாங்கிப்போகிறார்.

சுவருக்கும் ஹேசல்தான். மரச்சட்டத்துக்கு நடுவே விளார் வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். பீட்டர்ஸ்ஃபீல்டு அருகே பட்சர் என்ற இடத்தில் இரும்புக் கால வட்டவீடுகளை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்ததும் சாணி மெழுகிய வீட்டுக் குளிர்ச்சி. சோமர்செட் சதுப்பில் புதிய கற்கால மனிதர்கள் ஹேசல் படல்களை வரிசையாகப் போட்டுப் பாதை அமைத்திருக்கிறார்கள். அவை மண்ணுக்கடியில் அழியாமல் கிடைத்தன. ஒரே கனத்தில் நீளமான விளார்கள். அப்படியென்றால் அவர்களும் முறை வைத்துத்தான் வெட்டியிருக்க வேண்டும்.

இன்னும் பழையது ஒன்று. ஸ்காட்லாந்துக்கு மேற்கே காலன்சே என்ற சின்னத் தீவில் ஒரு குழியைத் தோண்டினார்கள். ஏறக்குறைய 9000 ஆண்டுக்கு முந்தையது. உள்ளே லட்சக்கணக்கில் கருகிய ஹேசல்நட் ஓடுகள். உழவே வராத காலத்து மனிதர்கள் கொட்டையை வறுத்துத் தின்றிருக்கிறார்கள். நாம் கடலைக்காயைச் செத்தையில் போட்டுச் சுட்டுத் தின்ற மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அயர்லாந்துக்காரர்களுக்கு இது அறிவின் மரம். ஒரு கிணற்றைச் சுற்றி 9 ஹேசல் மரம் நின்றதாம். உதிர்ந்த கொட்டையைத் தின்ற சால்மன் மீனுக்கு உலகத்து ஞானம் எல்லாம் வந்தது. அதைப் பிடித்துச் சமைத்த பையன் ஃபின், சுட்ட விரலை வாயில் வைத்ததும் அந்த ஞானம் அவனுக்கு வந்துவிட்டது. நிலத்தடி நீர் பார்ப்பதற்கும் கவட்டையான ஹேசல் குச்சியைத்தான் பிடிப்பார்கள். நம்மூரில் வேப்பங்கவட்டை பிடிப்பதுபோல.

ஏப்ரல் வந்துவிட்டால் வெட்டுவதை நிறுத்திவிடுவோம், பறவைகள் கூடு கட்டும். முந்தின ஆண்டு வெட்டிய இடத்தில் வெளிச்சம் விழுந்து தரை முழுக்கப் பூக்கும். முதலில் வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ், அப்புறம் புளூபெல். நீல நிறத்தில் தண்ணீர் தேங்கியதுபோல் இருக்கும், கால் வைக்கவே மனசு வராது. கோடையில் ஹேசல் இலை வட்டமாக, பூனைக்காது மாதிரி மெத்தென்று இருக்கும். அவ்வளவுதான் கோடை, எங்களுக்கு வேலை இல்லை.

செப்டம்பரில் கொட்டை முற்றும். எங்களுக்குக் கிடைப்பது குறைவு. 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில், பச்சையிலேயே பறித்துவிடும். அதனால் கெண்ட் மாவட்டத்தில் மகள் வீட்டுக்குப் போகும்போது தோட்டத்துக் கொட்டையை வாங்குவேன். பச்சை உறையோடு கூடையில் விற்பார்கள். உடைத்தால் பால் நிறம். முற்றாத தேங்காயும் பச்சைக் கடலையும் சேர்ந்த ருசி. பேத்தி உரிக்க உரிக்கத் தின்கிறாள்.

காட்டில் விழுந்து கிடக்கும் ஓட்டைப் பார்த்தே தின்றது யார் என்று சொல்லிவிடலாம். பாதியாகப் பிளந்திருந்தால் அணில். குண்டூசி அளவுத் துளை இருந்தால் வண்டின் புழு. பக்கவாட்டில் வட்டமாக, இழைத்ததுபோல் வழவழப்பான விளிம்போடு துளை இருந்தால் டார்மவுஸ் என்ற எலி மாதிரியான சின்னப் பிராணி. கட்டைவிரல் நீளம்தான் உடம்பு, பொன்னிறம், மயிரடர்ந்த வால். அதன் அறிவியல் பெயரிலேயே ஹேசல் இருக்கிறது. இந்தக் கொட்டையைத் தின்று கொழுத்து, அடிக்கட்டை ஓரம் சருகுக்குள் பந்தாகச் சுருண்டு வசந்தம் வரை தூங்கும். 2000-க்குப் பிறகு பிரிட்டனில் அதன் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்திருக்கிறது. காரணங்களில் ஒன்று, ஹேசலை வெட்டுவதை விட்டது.

விட்டது எப்படி என்றால், கம்பி வலை வந்தது, மூட்டை உரம் வந்தது. ஆட்டை வயலில் அடைக்க வேண்டிய தேவை போனது. படல் வாங்க ஆள் இல்லை. யாரும் ஹேசலை அழிக்கவில்லை முருகேசா, வெறுமனே விட்டுவிட்டார்கள். கொம்பு தடித்து, மேலே மூடி, காடு இருண்டது. கீழே பூப்பது நின்றுபோனது. கொட்டை குறைந்தது. நாங்கள் முதலில் நுழைந்தபோது எங்கள் காடும் அப்படித்தான் இருந்தது, பகல் 12 மணிக்கே அந்தி மாதிரி.

உன் கிடையைப் பற்றி நான் என்ன சொல்வது. மகன்கள் ஊரில் இல்லை, கால் இப்படி, விற்றது சரிதான். உன் பெரியப்பா பேரன் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதுவரைக்கும் எனக்கு நிம்மதி. அவனோடு சாயங்காலம் வயல்வரை போய் உட்கார்ந்துவிட்டு வா. எந்த வயலில் எத்தனை ராத்திரி போட வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், அவனுக்கு யார் சொல்வார்கள்?

ஒரு விஷயம். போன மாதம் வெட்டும்போது நேரான கொம்பு ஒன்று கிடைத்தது. கைப்பிடிக்குத் தோதாக அடியில் ஒரு முண்டு. பட்டை வெள்ளிப் புள்ளி விழுந்த பழுப்பு நிறம், உரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பின்கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், ஒரு வருடம் காய வேண்டும். அடுத்த தை மாதம் நானே கொண்டுவருகிறேன். அதற்குள் உனக்குக் கைத்தடி தேவைப்படாமல் போனாலும் வைத்துக்கொள், வயலுக்குப் போகும்போது ஆகும். தரையிலிருந்து உன் மணிக்கட்டு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. செருப்புப் போட்டுக்கொண்டு நின்று அளக்கச் சொல்.

அன்புடன்,
ராசு