செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் தேயிலை ஃபேக்டரி அடுப்புச் சாம்பலைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். மீதி எல்லாம் தண்ணீர்தான். அதை ஓட்டத்தான் இத்தனை விறகு. விறகு எரிந்த சாம்பல் இதுவரை ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவில் கிடந்து, மழைக்கு ஓடையில் இறங்கியது.

ஒரு ஆலையின் கழிவு இன்னொருவருக்குச் சரக்காகும் என்பதற்கு, சென்ற பேரவையில் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் ஊரைப் பற்றிச் சொன்னேன். 1972லேயே அங்கே பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சிய எரிவாயு பக்கத்து ஜிப்சம் பலகை ஆலைக்குக் குழாயில் போனது. "அங்கே குழாய், இங்கே கொண்டை ஊசி வளைவு" என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னார். சரிதான். சாம்பலுக்கு லாரி வாடகை கொடுத்தால் யாருக்கும் கட்டாது. அதனால், விறகு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியிலேயே காய்கறித் தோட்டங்களுக்கு மூட்டை ஏற்றிவிட்டோம். வழியில்தானே தோட்டம்!

இரண்டு தவறுகள் செய்தோம், மறைக்கவில்லை. முதல் வாரத்தில் கங்கு அணையாத சாம்பலைச் சாக்கில் கட்டியதால் சாக்கு புகைந்தது. இப்போது இரண்டு நாள் ஆறவிட்டு, கிளறிப் பார்த்து, அப்புறம்தான் கட்டுகிறோம். அடுத்தது, ஒருவர் அதைத் தன் தேயிலைக்கே போட்டுவிட்டார். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பை முறிக்கும். உருளைக்கிழங்குக்கும் நிறையப் போட்டால் சொறி வரும். கோஸ், பீட்ரூட் பாத்திக்கு அளவாகப் போட்டால் போதும்.

யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. காய்ச்சி எடுத்த இலையையே காயவைத்து அடுத்த அடுப்புக்கு எரிக்கிறார்கள். அவர்களிடம்தான் நாம் விறகைக் காயவைக்கக் கற்க வேண்டும். ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன்னைக் காயவைக்கவே தின்றுவிடுகிறது. மூன்று உறுப்பினர்கள் விறகுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கிறார்கள், மழை சாரலில் அது நிற்பதில்லை.

தூளைச் சலிக்கும்போது ஒதுங்கும் நார், தூசி போன்ற டீக் கழிவை மட்டும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் சேர்க்கவில்லை. 1959 தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உரிமம் வேண்டும். கழிவு மறுபடி தூளில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. "தெரிஞ்ச ஆள்தானே" என்று யாரும் மூட்டை கொடுக்க வேண்டாம்.

சாம்பல் நோட்டு சங்க அலுவலகத்தில் ஆணியில் தொங்குகிறது. யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசி ஐந்து பக்கங்களும் என் கையெழுத்துதான்.

செயலாளர்