வாத்தியாருக்கு, ஏரிக்கரையிலிருந்து

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. உடனே பதில் போட முடியாமல் போனதற்குக் காரணம் அறுப்பு மிஷின். முன்பெல்லாம் அறுப்புக்கு ஆள் தேடி அலைவோம், இப்போது மிஷின் தேடி அலைகிறோம். பள்ளிகொண்டா பக்கம் எல்லாக் கழனியும் ஒரே வாரத்தில் பழுத்து நிற்க, மிஷின்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்துவிட்டு மாட்டுப் பொங்கலன்று ராத்திரி எட்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மாட்டுக்குப் படைத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். குண்டு நெல்தான், ஏடிடி 37 ரகம். மூட்டை குறைவில்லை, ஆனால் வைக்கோலை மிதித்து நாசம் பண்ணிவிட்டுப் போய்விட்டான்.

சரி, நீ ரெண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, ஓய்வு பெறுவதற்குள் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு தடவை புவியியல் பாடத்தில் வான் தூனன் வளையம் நடத்தப் போகிறாய், வேலூரைச் சுற்றி அந்த வளையம் ஏதாவது தெரிகிறதா என்று. இன்னொன்று, உன் தாத்தா விட்டுப்போன ஒன்றரைக் காணியில் தென்னை வைக்கலாமா, இல்லை மனை போடக் கேட்கிறவனுக்கே கொடுத்துவிடலாமா என்று. நீ ரெண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டாய். எனக்கு என்னவோ ரெண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

தூனனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் காம்பஸை வைத்து நீ வட்டம் போட்டாய், நான் உன்னைப் பார்த்துப் போட்டேன். 1826-இல் எழுதியவர், ஜெர்மனிக்காரர், அவரும் நம்மைப் போலக் கழனிக்காரர்தான், என்ன, பெரிய பண்ணை. தன் பண்ணைக் கணக்கை வைத்தே எழுதினார் என்று நீ சொன்னதால்தான் அந்த மனுஷர் மேல் எனக்கு ஒரு மரியாதை. நடுவில் ஊர், ஊரை ஒட்டிப் பாலும் காய்கறியும், அதற்கடுத்து விறகுக்குக் காடு, அப்புறம் தானியம், கடைசி வளையத்தில் மேய்ச்சல். சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டிக்கூலிதான் எந்த நிலத்தில் எது விளையும் என்பதைத் தீர்மானிக்கிறது, இவ்வளவுதானே?

போன வாரம் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது உனக்காகவே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஊரை ஒட்டிக் கீரையும் பூவும் இருக்க வேண்டிய முதல் வளையத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, தார் ரோடு போட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி வைத்திருக்கிறார்கள். வீடு ஒன்றுகூட இல்லை. பயிரும் இல்லை. பொய்கை மாட்டுச் சந்தை தாண்டி விரிஞ்சிபுரம் வந்தால்தான் நெல்லும் கரும்பும் கண்ணில் படுகிறது. மார்க்கெட்டில் நான் வாங்கிய முள்ளு கத்தரிக்காயோ அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியிலிருந்து வந்தது. அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும், புவியியல் வாத்தியாராயிற்றே. தூனன் கணக்குப்படி அது வேலூர்க் கோட்டைச் சுவரை ஒட்டி விளைந்திருக்க வேண்டும். மண்வாகு ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கத்தரி வைத்தவன் மூணு நாள் நாலு நாளுக்கு ஒரு தடவை காய் பறிக்க வேண்டும், புழு விழுந்ததா என்று நடுவில் பார்க்க வேண்டும், முள்ளு குத்தக் குத்த விடியற்காலையில் வீட்டோடு இறங்கிப் பறிக்க வேண்டும். வீட்டில் ஆள் இருக்கிற ஊரில்தான் கத்தரி நிற்கும்.

இதை நினைத்துக்கொண்டே வந்து நம்ம ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்தினேன். மதகுக்குக் கீழே ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டை அங்கிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் தெரியும், உனக்கு மறந்திருக்காது. எல்லாம் ஒரே மண், ஒரே மதகுத் தண்ணீர், சந்தைக்கு ஒரே தூரம். அப்படியிருக்க ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாதிரி. முதல் துண்டில் நெல், அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஊரோடு இருக்கிறார்கள். அடுத்தது தென்னை, பையன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போவான். அதற்கடுத்தது மாந்தோப்பு, பெங்களூரா ரகம், சொந்தக்காரர் பெங்களூரில் பேங்க் வேலை, பூ வைத்ததும் குத்தகைக்காரனிடம் போனிலேயே பேசிக் காயை விற்றுவிடுவார். அதற்கும் அந்தப் பக்கம் தேக்கு, ஆள் துபாயில். கடைசித் துண்டில் சீமைக்கருவேலம், மூணு பங்காளிகள் கோர்ட்டில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்ன துண்டில் மட்டும் பச்சைப் பசேலென்று கோ-4 தீவனப் புல், அது நம்ம கோடி வீட்டு அத்தை, ரெண்டு கறவை மாட்டை வைத்துக்கொண்டு இந்த வயதிலும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள்.

புரிகிறதா வாத்தியாரே? தூனன் நிலத்துக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளந்தார். நம்ம ஊரில் அளக்க வேண்டியது நிலத்துக்கும் நிலத்துக்காரனுக்கும் நடுவில் இருக்கிற தூரம். உன் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார், பரீட்சையில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு, மார்க் போட மாட்டார்கள்.

நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது நிலைமை வேறு. 1973-74-இல் கேம்பிரிட்ஜிலிருந்தும் மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆராய்ச்சிக்காரர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய், அதற்குத் தலைமை தாங்கிய பார்மர் என்பவரே ஒரு புவியியல்காரர் என்று பெருமையாக. ஐ.ஆர். 8 என்கிற புது நெல் வந்து ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். நம்ம ஜில்லாவில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கு ஐ.ஆர்.எட்டு என்றே பெயர் வைத்தார் என்று சொல்வார்களே, அந்தக் காலம். திரும்பவும் எண்பதுகளின் தொடக்கத்தில் வேறு ஆராய்ச்சிக்காரர்கள் அதே கிராமங்களில் போய்க் கணக்கெடுத்தபோது, சின்ன விவசாயியும் கொஞ்சம் பிந்தியாவது புது நெல்லுக்கு வந்துவிட்டான், கூலிக்காரர் வீட்டிலும் வருமானம் ஏறியிருக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் கேட்டது எத்தனை ஏக்கர், என்ன ரகம், எத்தனை மூட்டை உரம், கிணற்றில் கரண்ட் மோட்டாரா ஆயில் இன்ஜினா என்கிற மாதிரிக் கேள்விகள். இன்றைக்கு யாராவது அப்படி நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் முதல் கேள்வியாக 'பையன் எங்கே இருக்கான்?' என்று கேட்கச் சொல்வேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

நோட்டுப் புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024-இல் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை விட்டு செல்போனில் பயிர்க் கணக்கெடுக்க வைத்தார்கள் அல்லவா, நம்ம ஊருக்கும் ஒரு பெண் வந்தது. வெயிலில் நடந்து முகமெல்லாம் சிவந்து போய், உன் நிலத்தருகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, 'அங்கிள், இது என்ன பயிர்?' என்று கேட்டது. சீமைக்கருவேலம்மா என்றேன். சிரிக்காமல் தரிசு என்று போட்டுக்கொண்டது. ஊர்ப் பயிர்க் கணக்கு எழுதுகிற அடங்கலில் இந்தத் தரிசுக்குள்ளேயே வகை இருப்பது உனக்கே தெரியும், ஒரு வருஷம் போடாமல் விட்டால் நடப்புத் தரிசு, ஐந்து வருஷம் வரை மற்றத் தரிசு, அதற்கும் மேலே போனால் சாகுபடிக்கு ஏற்ற தரிசு. உன் நிலம் இந்த மூணாவதுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. அந்தப் பெயரை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வரும், சாகுபடிக்கு ஏற்றதாம்.

கூலி ஆள் கதையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டாய் என்பதற்காக. நூறு நாள் வேலையால்தான் ஆள் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் எல்லோரும் பேசுவார்கள், நான் அதை முழுசாக நம்பவில்லை. நூறு நாள் போக மீதி இருநூற்றி அறுபத்தைந்து நாள் இருந்ததே. விடியற்காலையில் நம்ம கூட்ரோட்டில் வந்து நின்று பார், நடவுக்குப் போயிருக்க வேண்டிய பெண்கள் டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நிழலில் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், பி.எப். பிடிக்கிறான். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் தம்பி மகளே அதில்தான் போகிறாள். ஆனால் தோல் தொழில் நம்ம நிலத்தை ரெண்டு தடவை வாங்கியது என்று மட்டும் தோன்றுகிறது. முதல் தடவை தண்ணீர் வழியாக. 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வாணியம்பாடிப் பக்கம் என் தங்கை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மொண்டு வைத்தால் மேலே ஆடை கட்டும், இளநீர்கூட உப்புக் கரிக்கும் என்பாள். ரெண்டாவது தடவை இப்போது, ஆள் வழியாக.

இனி உன் நிலம். போன ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு உள்ளே போனேன், கிணற்று மேடு வரைக்கும் வழி வெட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கிணறு அப்படியே இருக்கிறது. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கல் ஒன்று கிணற்று வாயில் நீட்டிக்கொண்டிருக்குமே, வடக்கயிறு உரசி உரசி அதில் விழுந்த தடம் இன்னும் இருக்கிறது, என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகிறது. எத்தனை ஜோடி மாடு, எத்தனை வருஷம் இழுத்தால் கருங்கல்லில் அப்படிப் பள்ளம் விழும்! நம்ம அப்பாக்கள் காலத்தில் கவலை போய் மோட்டார் வந்தது, 1989-91 ஆட்சியில் கரண்ட் விவசாயிகள் எல்லோருக்கும் இலவசம் ஆயிற்று, அப்புறம் ஆளாளுக்குப் போர்வெல் போட்டு ஆயிரம் அடி வரைக்கும் போனோம், கிணறு குப்பை கொட்டுகிற இடமானது. 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டுப் போனதே, அப்போது நம்ம ஏரி நிரம்பி வழிந்து கோடி போய், இந்தக் கிணற்றில் படி முழுக மேலே வந்தது தண்ணீர். ஊர்ப் பையன்கள் கரை மேலிருந்து குதித்தார்கள். நம்மைப் போலவே அரைஞாண் கயிற்றோடு. இப்போதும் எட்டிப் பார்த்தால் முப்பதடியில் தண்ணீர் மினுங்குகிறது.

அந்தக் கிணற்றில் உனக்குக் கால் பங்கு இருக்கிறது தெரியுமா? எட்டு நாள் முறையில் ரெண்டு நாள் உனக்கு, மூணு நாள் எனக்கு, மீதி அந்த பெங்களூர்க்காரருக்கு. பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். கரண்ட் சர்வீஸ் இன்னும் உன் தாத்தா பெயரில். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், உன் ரெண்டு நாள் முறையைப் பல வருஷமாக நான்தான் அனுபவிக்கிறேன். மனைக்குக் கொடுத்தால் முதல் வேலையாக அந்தக் கிணற்றை மூடுவான், கிணற்றை மூடினால் என் நெல்லும் போச்சு. அதனால் விற்காதே என்று நான் சொன்னால் அதில் என் சுயநலம் பாதி இருக்கிறது, கழித்துக்கொண்டு படி.

தென்னை வேண்டாம். இருபத்தைந்தடிக்கு ஒன்று என்று வைத்தால் ஏக்கருக்கு எழுபது கன்று. முதல் மூணு கோடை தண்ணீர் விட ஆள் வேண்டும், குருத்தை வண்டு துளைக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், காய்த்த பிறகு ஏறுகிறவன் வேண்டும், அவன் கிடைப்பது மாப்பிள்ளை கிடைப்பதை விடக் கஷ்டம். மாமரம் உன் மாதிரி தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சரி. ஆனால் நீ ஜூனில் ஓய்வு பெறுகிறாய். ஊருக்கு வந்து இருக்கப் போகிறாயா, இல்லை மகள் வீட்டில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடப் போகிறாயா? அதை நீ எழுதவே இல்லை. அதைச் சொன்னால் என்ன பயிர் என்பதை நான் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்.

வருவதாக இருந்தால் முதல் பட்டம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடலாம். ஜேசிபி வைத்துக் கருவேலத்தை வேரோடு எடுக்க ரெண்டு நாள் ஆகும், விறகை எடுத்துக்கொள்கிறவன் கூலியில் கழித்துக்கொள்வான், ஏற்கெனவே ஒருவனிடம் பேசி வைத்திருக்கிறேன், நீ சரி என்று சொல்லும் வரை கை வைக்க மாட்டான். ஆடிக்குள் உழுது போட்டால் போதும். களை எடுக்க அத்தை வருவதாகச் சொன்னாள், ஆனால் மல்லாட்டைக் கொடி மாட்டுக்கு வேண்டுமாம்.

வரும்போது பத்திர நகலும், பழைய கரண்ட் கார்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா, சர்வீஸைப் பெயர் மாற்றிவிடலாம். உன் வீட்டுக்காரம்மாவுக்கு முள்ளு கத்தரிக்காய் ரெண்டு கிலோ பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், கண்டக்டர் நம்பர் ராத்திரி போனில் சொல்கிறேன்.

உன் கடைசி பெஞ்சுக்காரன்