கயலுக்கு, ராஜினாமா செய்துகொண்டே இருந்த ஒரு துணைவேந்தரைப் பற்றி

அன்புள்ள கயலு,

துறைத்தலைவர் பொறுப்பை உன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், "எனக்கும் கமிட்டிக்கும் என்னப்பா சம்பந்தம், பாடம் நடத்தினோமா வீட்டுக்கு வந்தோமா என்று இருந்துவிடுகிறேனே" என்று எழுதியிருந்தாய். நேராகப் பதில் சொல்லாமல் ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். நீ இருக்கும் ஹாங்காங்கிலேயே, அபெர்டீன் சீன இடுகாட்டில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். சாய் யுவான்பெய், சீனத்துக் கல்வியாளர். கல்லூரியில் சீன வரலாறு நடத்திய நாளிலிருந்தே எனக்கு அவர் மேல் ஒரு பிரியம். கோபமும் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

1868இல் ஷாவோசிங்கில் பிறந்தவர். அப்பா லேவாதேவிக் கடையில் மேலாளர், பையன் சின்னவனாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் படித்துப் படித்து அரசுத் தேர்வுகளையெல்லாம் தாண்டி, பேரரசரின் அறிஞர் சபையான ஹான்லின் கழகம் வரை போய்விட்டான். சீனத்தில் படித்தவன் கனவு காணக்கூடிய உச்சி அதுதான். 1898இல் சீர்திருத்தக்காரர்களை அரண்மனை நசுக்கியதும் அந்தப் பதவியை உதறிவிட்டு ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் நடத்தினார். பிறகு ஷாங்காயில் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து வெடிகுண்டு செய்யக்கூடக் கற்றுக்கொண்டார். இதற்கு நடுவில் முதல் மனைவி இறந்துபோக, பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் போட்ட நிபந்தனைகளைக் கேள்: பாதம் கட்டாத பெண்ணாக இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நான் வைப்பாட்டி வைத்துக்கொள்ள மாட்டேன், நான் செத்தால் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம், ஒத்துவராவிட்டால் பிரிந்துவிடலாம். 1900இல்! தரகர்கள் ஓடியே போயிருப்பார்கள்.

நாற்பதை நெருங்கும் வயதில் ஜெர்மனிக்குப் போய் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் மாணவனாக உட்கார்ந்தார். 1912இல் குடியரசு வந்ததும் முதல் கல்வி அமைச்சர். தொடக்கப் பள்ளிகளில் கன்பூசிய நூல்களை மனப்பாடம் செய்யும் பாடத்தை எடுத்தார். குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயோடு ஒத்துப்போக முடியாமல் சில மாதத்திலேயே ராஜினாமா.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1917 ஜனவரியில் பீக்கிங் பல்கலைக்கழகத் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா? படிக்கிறவர்களில் பலர் அதிகாரிகளும் அதிகாரி வீட்டுப் பிள்ளைகளும்தான். வேலைக்காரர்கள் அவர்களை 'ஐயா' என்று கூப்பிட வேண்டும். சூதாட்டம், நாடகக் கொட்டகை, தாசி வீடு, நடுவில் கொஞ்சம் வகுப்பு. அங்கே போனால் பெயர் கெடும் என்று நண்பர்களே தடுத்தார்கள். முதல் நாள் வாசலில் வரிசையாக நின்று வணக்கம் வைத்த பணியாட்களுக்கு இவர் தொப்பியைக் கழற்றி, குனிந்து பதில் வணக்கம் வைத்தார் என்று சொல்வார்கள். தலைவர் இப்படிச் செய்ததை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பதவியும் பணமும் தேடுகிறவன் இங்கே வராதே, இது படிக்கிற இடம் என்று முதல் உரையிலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஆள் பிடிக்கக் கிளம்பினார். பின்னாளில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான சென் துசியூவைத் தேடி விடுதிக்குக் காலையிலேயே போய் நிற்பார். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம் என்று வெளியில் காத்திருப்பார். சென்னுக்குப் பட்டம் கிடையாது, அதனால் ஜப்பானில் பட்டம் பெற்றவர் என்று அமைச்சகத்துக்குக் கற்பனையாக எழுதிக் கொடுத்துக் கலைத்துறைத் தலைவராக்கிவிட்டார். இதை நீ பின்பற்றாதே, இந்தக் காலத்தில் மாட்டிக்கொள்வாய். லியாங் ஷூமிங் என்ற 24 வயதுப் பையன் கல்லூரிப் பக்கமே போகாதவன், அவனை இந்தியத் தத்துவம் நடத்தக் கூப்பிட்டார். இன்னொரு பக்கம் கூ ஹோங்மிங். பினாங்கில் பிறந்து எடின்பரோவில் படித்த கிழவர், மன்னராட்சிதான் வேண்டும் என்று மன்னர் காலத்து ஆண்கள் போட்டிருந்த சடையை அறுக்காமல் ஆங்கில இலக்கியம் நடத்தினார். புதுசும் பழசும் ஒரே தாழ்வாரத்தில் முட்டிக்கொண்டு நடந்தன. 1919இல் லின் ஷூ என்ற பழைய எழுத்தாளர் இதையெல்லாம் கண்டித்துப் பகிரங்கமாக எழுத, சாய் கொடுத்த பதிலில் இந்தச் சடைக்காரரையே சாட்சிக்கு இழுத்தார்: அரசியலைப் பார்த்தா ஆள் எடுக்கிறேன், பாடம் நடத்தத் தெரியுமா என்றுதான் பார்க்கிறேன் என்கிற தோரணையில்.

1920இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அனுமதி கேட்டு யாருக்கும் மனுப் போடவில்லை, விதியில் ஆண்கள் மட்டும் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான். கமிட்டி வேலை என்று நீ சலித்துக்கொள்கிறாயே, அந்த வேலையில் இந்த மாதிரி விஷயங்களும்தான் இருக்கின்றன.

ஷான்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுத்ததை எதிர்த்து 1919 மே 4இல் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், 32 பேர் கைதானார்கள். மூன்று நாள் அலைந்து அவர்களை வெளியே கொண்டுவந்தார், அடுத்த இரண்டாம் நாள் ராஜினாமாவை எழுதிவைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அதில் ஒரு பழைய வரியைப் போட்டிருந்தார்: உன் குதிரையைக் கொன்றது சாலையோரம் நின்ற பையன்கள்தான். பையன்கள் கைதட்டக் கைதட்ட ஓட்டுகிறவன் விரட்டுவான், குதிரை செத்துவிழும். களைத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். செப்டம்பரில் திரும்பி வந்தார். 1922இல் பாடக் குறிப்புகளுக்குக் காசு கேட்டதற்காக மாணவர்கள் கூட்டமாக வந்து கத்தியபோது, அந்தச் சாதுவான மனிதர் முஷ்டியை உயர்த்திக்கொண்டு "தைரியம் இருந்தால் வா, சண்டைக்கு!" என்று முன்னால் வந்தாராம். அப்போது அவருக்கு வயது 54. கூட்டம் பின்வாங்கியது. அதற்கும் ஒரு ராஜினாமா. 1923 தொடக்கத்தில் அரசாங்கத்தோடு மோதி இன்னொன்று.

இனி கோபம். 1927இல் கோமின்டாங் என்ற தேசியவாதக் கட்சி கம்யூனிஸ்டுகளைக் களையெடுத்தபோது அந்த முடிவுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். விடுதி வாசலில் காத்திருந்து கூட்டிவந்தாரே அந்தச் சென் துசியூ, அவருடைய மூத்த மகனை அந்த ஜூலையில் ஷாங்காயில் கொன்றார்கள். எல்லாக் கருத்துக்கும் இடம் கொடுத்த மனிதர் அங்கே எப்படி உட்கார்ந்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. 1932இல் சன் யாட்சென்னின் மனைவி சுங் சிங்லிங்கோடு சேர்ந்து மனித உரிமைக் கழகம் தொடங்கி அரசியல் கைதிகளுக்காக அலைந்தார், சென் கைதானபோது அவருக்காகவும் குரல் கொடுத்தார். அதைக் கழுவாய் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகக் கணக்கு நேராகவில்லை.

இவ்வளவு பதவியிலிருந்தும் சொந்த வீடு கிடையாது. நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு வீடு கட்டித்தர நினைத்தார்கள், அதற்குள் ஜப்பான் யுத்தம் வந்துவிட்டது. ஹாங்காங்கில் அடைக்கலம் புகுந்த இடத்தில் 1940 மார்ச் 5இல் இறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா, மலைச்சரிவு, படி ஏற வேண்டியிருக்கும், தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.

நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாத மனிதர் என்பதால்தான் சடைக்காரரையும் பட்டமில்லாதவரையும் பெண்களையும் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே விட முடிந்தது என்று நினைக்கிறேன். பொறுப்பை ஏற்பதும் ஏற்காததும் உன் இஷ்டம். ஏற்றால், முதல் வாரமே தேதி போடாமல் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதி மேசை டிராயரில் வைத்துவிடு. உங்கள் துறையில் உனக்கு அறவே பிடிக்காத, ஆனால் நன்றாகப் பாடம் நடத்துகிற ஆள் யார் என்றும் எழுது, கேட்க ஆசையாக இருக்கிறது. டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் சொல், தினம் கேட்கிறாள்.

அப்பா